துணியால் கட்டிய மூன்று மாடி

கொட்டகைக்காரருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊர் அவரைக் 'கொட்டகை' என்றுதான் கூப்பிட்டது. கல்யாணமோ, சாவோ, கட்சிக் கூட்டமோ, கம்பு நட்டு, துணி கட்டி, நிழல் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் அவருக்கு வருமானம் அதிகம். வருமானம் என்றால் சிரிப்பு.

"ஒரு தடவ நான் போட்ட கொட்டகை காத்துல பறந்து போச்சு. பக்கத்து ஊர்ல ஒரு கல்யாண வீட்டுல கொட்டகை வராம தவிச்சுக்கிட்டிருந்தாங்க. நேரா அவங்க தலைமேல போய் இறங்குச்சு பாரு! நாலு மூலையும் சரியா உட்கார்ந்துச்சு. நான் வாடகை வாங்கத்தான் ஆள் அனுப்பினேன்."

படிப்பைப் பற்றிக் கேட்டால் அதற்கும் ஒன்று வைத்திருப்பார். "மூணாவத மூணு தடவ படிச்சேன். கூட்டிப் பாருங்க, ஒம்போதாவது வருது."

இப்படிப்பட்டவர் குடியிருந்த இடம் ஒரு புதுக் குடியிருப்பு. அகலத் தெரு. ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து கோபித்துக்கொண்டதுபோல் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். முன்னால் கார் நிற்கச் சிமெண்ட் தரை, அதற்கும் முன்னால் ஆள் உயரச் சுவர். வீடு இருக்கும் இடத்தில் கடை கூடாது, கடை இருக்கும் இடத்தில் வீடு கூடாது என்பது நகராட்சியின் பழைய சட்டம். காதலிக்கிற இளசுகளைப் பிரித்து வைப்பதுபோல் இரண்டுக்கும் நடுவே பெரிய சாலையைப் போட்டு வைத்திருந்தார்கள். சமையல் நடுவில் உப்பு தீர்ந்துவிட்டால் அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, வண்டியைக் கிளப்ப வேண்டும். "எங்க தெருவுல உப்பு வாங்கப் போறவன் உயில் எழுதி வச்சிட்டுத்தான் போவான்" என்பார் கொட்டகைக்காரர்.

அவர் வேன்தான் தெருவுக்கே கால். யார் வீட்டில் எது தீர்ந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் அரசன் தேரில் ஏறுவதுபோல் ஏறிப் போவார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் வினை வந்தது.

வேனின் இடப்பக்கக் கண்ணாடி ஒரு மழைக்காலத்தில் உடைந்தது. புதிதாக மாட்டினார், அதுவும் உடைந்தது. "கண்ணாடிக்கு என் மூஞ்சியப் பாத்துப் பாத்து வாழ்க்கை வெறுத்திருக்கும்" என்று சமாளித்தார். ஆனால் வீட்டுக் கதவு நிலையும் இடது தோளில் இடிக்க ஆரம்பித்தபோது, யாருக்கும் தெரியாமல் கண் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஒரு பெட்டிக்குள் தலையை விடச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். கொட்டகைக்காரர் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "டாக்டர், எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"ஆரம்பிச்சு பாதி முடிஞ்சுபோச்சு" என்றார் டாக்டர்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். நேரே இருப்பது தெரியும், ஓரம் தெரியாது. அதிலும் இடது ஓரம் சுத்தம். சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும், போனது திரும்பி வராது. "இனிமே வண்டி ஓட்டாதீங்க. ரோட்டுல குறுக்கே வர்றது எல்லாம் ஓரத்துலேர்ந்துதான் வரும்."

பார்வை போனதுகூட அவரை அவ்வளவு உலுக்கவில்லை. நகரத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் மகன்தான் நினைவுக்கு வந்தான். "வயசாச்சு, வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துடுங்க" என்று அவன் வாரம் தவறாமல் போனில் பாடிக்கொண்டிருந்தான். அப்பாவால் வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்தால் மறுநாளே அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கிவிடுவான். அவனைத் தப்பு சொல்லவும் முடியாது. வண்டி இல்லாமல் அந்தத் தெருவில் யாரால் வாழ முடியும்? ஆயிரம் கொட்டகை போட்டுக் கட்டிய வீடு. ஒன்பதாவது மாடியில் அவர் யாருக்குக் கொட்டகை போடுவார்? மேகத்துக்கா?

ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினார். முழங்கால் வலி என்றார். பெட்ரோல் விலை என்றார். கம்பு ஏற்றும் லாரியை ஓட்டும் மச்சானிடமே வேன் சாவியையும் கொடுத்து, "முதலாளின்னா பக்கத்து சீட்டுலதான்டா உட்காரணும்" என்றார். மச்சான் அவர் மனைவியின் தம்பி. வேலையில் சூரன், வாயில் அவருக்கே வாத்தியார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நகராட்சி புதுச் சட்டத்தோடு வந்தது. பிளானிங் மேடம் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: கவுன்சில் ஒப்புக்கொண்டால், இனிமேல் கட்டிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று நகராட்சி மூக்கை நுழைக்காது. வெளியே அது எப்படி நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கும். மூன்று மாடிக்கு மேல் போகக் கூடாது. முகப்பு நடைபாதையை ஒட்டி இருக்க வேண்டும். கதவும் ஜன்னலும் தெருவைப் பார்க்க வேண்டும். கார் பின்னால். அவ்வளவுதான். கீழே கடை வைக்கலாம், மேலே குடியிருக்கலாம், மாடியை வாடகைக்கு விடலாம், பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டித் தம்பியைக் குடிவைக்கலாம்.

"வேண்டியதெல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கணும். அதுக்குத்தான்" என்று முடித்தார் மேடம்.

கொட்டகைக்காரர் மனசுக்குள் எழுந்து நின்று கை தட்டினார். வெளியே எழுந்து நின்றது வேறு ஆள். நடக்கிற தூரத்தில் கடை வேண்டும் என்று சொன்னால், 'ஏன், உன் வண்டிக்கு என்ன வந்தது?' என்று யாராவது கேட்டுவிடுவார்களே! அந்தப் பயத்தில் நாக்கு தன் பாட்டுக்கு ஓடியது.

"நடக்கிற தூரமாம்ல! மேடம், கடவுள் கால எதுக்குக் குடுத்தான்? ஒண்ணு பிரேக்குக்கு, ஒண்ணு கிளட்ச்சுக்கு. மூணாவது கால் குடுத்தான்னா நடக்கிறதப் பத்தி யோசிப்போம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முனையிலிருந்த காலி மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், அவர் தோளில் தட்டினார். புதுச் சட்டத்தின் முதல் எதிரி அவர்தான். மூன்று மாடி வந்தால் சூரியன் தன் வீட்டுக்கு வர அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகைக்காரர் வெற்றியோடு வெளியே வந்து இடப்பக்கத் தூணில் இடித்து, "மன்னிச்சுக்குங்க சார்" என்று தூணிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் மைக் பிடித்துக் கெட்டது.

சில நாளில் மேடமே அவர் வீட்டுக்கு வந்தார். "காகிதத்துல காட்டினா யாருக்கும் புரியல. மூணு மாடின்னதும் மலைன்னு நினைக்கிறாங்க. முனை மனையில, கம்பும் துணியும் வச்சு, நிஜ அளவுல ஒரு கட்டிடம் நிறுத்திக் காட்டணும். அதுக்குள்ளயே கூட்டத்த வச்சுக்கலாம். யார் வேணும்ங்கிறாங்க, யார் வேண்டாம்ங்கிறாங்கன்னு கை தூக்கச் சொல்லி, அத கவுன்சிலுக்குக் கொண்டுபோவேன். உங்களால முடியுமா?"

"மேடம், நீங்க சொன்னா துணியில கடலே கட்டித் தருவேன். அலை மட்டும் நீங்க கொண்டாரணும்" என்றார் கொட்டகைக்காரர். எதிர்த்துப் பேசிய வாயாலேயே ஒப்புக்கொள்கிறோமே என்ற வெட்கம் கொஞ்சம் வந்தது. வந்த வெட்கத்தை உட்கார வைக்க வீட்டில் இடமில்லை.

மேனேஜர் காதுக்குச் சேதி போனது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். "யோவ் கொட்டகை, கொஞ்சம் உயரமா நட்டுடு. பாக்கிறவன் பயந்து ஓடணும்."

"சார், பொய் சொல்ல எனக்கு வாய் இருக்கு, அதுவே ஊருக்குப் போதும். கம்பத் தப்பா நடறதுக்குக் கை கிடையாது."

இதைச் சொன்ன மறுநாள்தான் அந்தக் கை தப்பாக நட்டது.

கொட்டகைக்காரர் டேப்பைத் தொடமாட்டார். முதல் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, அடுத்த கம்பு எங்கே என்று சொல்வார். ஆட்கள் அங்கே குழி தோண்டுவார்கள். நூல் பிடித்தாலும் அப்படி வராது. 'கண்மட்டம்' என்று தொழில்காரர்கள் வியப்பார்கள். அன்று காலை மேடம் மனையில் வெள்ளைப் பொடியால் கோடு போட்டுவிட்டு, மேஜை நாற்காலி கொண்டுவர ஆபீசுக்குப் போய்விட்டார். மச்சான் இரண்டாவது லோடு கம்பு எடுக்கப் போனான். மேனேஜர் வீட்டில் ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது.

கொட்டகைக்காரர் வலது மூலைக் கம்பை நட்டு, கண்ணை மூடி, கையை நீட்டினார். நேர் எதிரே பளிச்சென்று வெள்ளைக் கோடு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனார். மேடம் போட்ட கோடு அதற்கு இடப்பக்கம், அவருக்கு இல்லாமலே போய்விட்ட அந்த உலகத்தில் கிடந்தது. அவர் பிடித்தது மேனேஜர் வீட்டுக் கார் பாதையோரம் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த கல் வரிசை. மதில் அங்கே முடிந்து, கேட்டுக்காகத் திறந்து கிடந்தது. முதலாளி கை காட்டினால் ஆட்கள் தோண்டுவார்கள், கேள்வி கேட்பது வழக்கமில்லை. கேட்ட ஒருவனையும், "என் கண்ணுக்கே கணக்கு சொல்றியா?" என்று அடக்கிவிட்டார்.

மச்சான் வந்து சேர்ந்தபோது முகப்பு எழும்பிவிட்டது. அவன் நேரே உச்சிக்கு ஏறிக் கயிறு கட்டினான். உச்சியில் இருப்பவனுக்கு அடி தெரியாது. கீழ்த்தளம் நீலத் துணி, கடைக்கு அகலமான வாசல். அதற்கு மேல் சிவப்பு, அதற்கும் மேல் மஞ்சள். ஜன்னல் வரவேண்டிய இடமெல்லாம் சதுரமாகத் திறந்திருந்தது. மதிய வெயிலில் தெருப் பாதி தூரத்துக்கு நிழல் விழுந்தது. மலை மாதிரியெல்லாம் இல்லை, நெஞ்சை நிமிர்த்திய ஒரு வீடு மாதிரிதான் இருந்தது.

பழக்க தோஷத்தில் கொட்டகைக்காரர் வாசலில் நாற்காலி வரிசை போட்டு, தண்ணீர் டிரம்மும் வைத்தார். அவ்வளவுதான். கார் கண்ணாடி வழியாக மட்டும் ஒருவரையொருவர் பார்த்திருந்த ஜனம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. "நீங்க எதிர்வீடா? நான் யாரோ டிரைவர்னு நினைச்சேன்" என்று ஒரு அம்மா இன்னொரு வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகைக்காரர் மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி உலாவினார்.

அப்போது நீலச் சுவருக்குள்ளிருந்து ஹாரன் அடித்தது.

மேஜையோடு வந்து இறங்கிய மேடத்தைப் பார்த்துக் கொட்டகைக்காரர் வாயைப் பிளந்தார். "மேடம், இதுல ஹாரன் சத்தமெல்லாம் வச்சிருக்கீங்களா? பலே!"

மறுபடி ஹாரன். துணி கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் உப்பியது. பிறகு அடியில் தூக்கப்பட்டு, மேனேஜர் நாலு காலில் வெளியே வந்தார்.

"யார் வாசல்ல யாருய்யா வீடு கட்டினது? பால் வாங்கப் போகணும்! கூட்டத்துக்கு வர்ற நம்மாளுங்களுக்கு டீ சொல்லியிருக்கேன்! காரை எங்கய்யா எடுக்கிறது, மூணாவது மாடி வழியாவா?"

மச்சான் உச்சியிலிருந்து சறுக்கி இறங்கி, தரையைப் பார்த்து, மாமாவைப் பார்த்தான். "மாமா, பொடிக் கோடு இதோ கிடக்கு. நீங்க சார் வீட்டுக் கல்லுமேல நட்டிருக்கீங்க."

"கோடு நகர்ந்திருக்கும்டா."

"கோட்டுக்கு என்ன காலா இருக்கு?"

"இந்தக் காலத்துல எத நம்பறது..." என்று இழுத்தார் கொட்டகைக்காரர். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நேரே நின்றவர்களை அவருக்குத் தெரிந்தது. ஓரத்தில் நிற்பவர்களின் பார்வை தோலில் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். "போதும், விடுங்க. பூனை கண்ண மூடிக்கிட்டா ஊரே இருண்டு போயிடுமா? சார், இவருக்கு இடது பக்கம் ஆனையே நின்னாலும் தெரியாது. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

"ஏய்! உனக்கு யாரு சொன்னா?"

"சொட்டு மருந்த ஆணி டப்பாவுல ஒளிச்சு வச்சா தெரியாதா? நம்ம வீட்டுல காணாமப் போற ஆணியத் தேடுறவ யாரு? மாசக்கணக்கா உங்க இடது பக்கமாவே நடந்து வர்றேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? அழகுக்கா?"

கொட்டகைக்காரர் இடப்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். "நான் அழகுக்குன்னுதான் நினைச்சேன்" என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி, இத இப்பவே பிரி!"

"சார், அந்தக் கம்புலதான் மூணு மாடியும் தொங்குது. உருவினா மொத்தமும் நம்ம தலையில. மேலேருந்துதான் அவிழ்க்கணும், இருட்டிடும். மச்சான் லாரிய எடுத்துக்கிட்டுப் போய் பால்..."

"உன் லாரியும் வேணாம், உன் சகவாசமும் வேணாம்! எனக்குக் கால் இருக்குய்யா!" என்று கத்திவிட்டு மேனேஜர் பையோடு நடந்தார். அந்தத் தெருவிலிருந்து ஒருவர் கடைக்கு நடந்து போனதை அன்றுதான் ஜனம் முதல்முதலாகப் பார்த்தது. வழியனுப்புகிற மாதிரி எழுந்து நின்றார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டது. பெரிய சாலையில் நடைபாதை கிடையாது, நிழல் கிடையாது. லாரிகள் வாரிக் கொட்டிய புழுதியில் தலை இன்னும் நரைத்திருந்தது. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். பால் பாக்கெட் வெயிலில் வெந்து மோருக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. துணி நிழலில் ஒரு நாற்காலியில் விழுந்து டிரம்மைக் கை காட்டினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

மேடம் கொட்டகைக்காரரைப் பார்த்தார். "அன்னிக்கு எதிர்த்துப் பேசினீங்க. இன்னிக்கு ஏதாவது சொல்றீங்களா?"

அவர் எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கு முரண்டு பிடித்தது.

"அன்னிக்குப் பேசினது நான் இல்லங்க, என் பயம். அதுக்கு என்னைவிட நல்லாப் பேச வரும். எனக்கு இனிமே வண்டி கிடையாது. எம்பையன் வீட்ட வித்துட்டு வந்துடுங்கன்னு சொல்றான். வண்டியில்லாத மனுசனுக்கு இந்தத் தெருவுல வேலையில்லன்னு அவன் நினைப்பான், அதுல தப்பும் இல்ல. உப்பு வாங்க வக்கில்லாதவன் எப்படி இங்க இருப்பான்? அதனால நான் கேக்கிறது தெருவோட நல்லதுக்காக இல்ல. அவ்வளவு நல்லவன் நான் கிடையாது. எனக்காகத்தான் கேக்கிறேன். நடந்து போய் இடிக்கிற தூரத்துல ஒரு கடை வேணும். காரை இடிச்சா கேசு. கடைய இடிச்சா கடைக்காரன் திட்டுவான், அவ்வளவுதானே?"

உட்கார்ந்தார். மேடம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். கொட்டகைக்காரர் தன் கையைத் தூக்கிக்கொண்டு நேரே பார்த்தார். நேரே தண்ணீர் டிரம் இருந்தது. அது கை தூக்கவில்லை.

சரி, ஒன்பதாவது மாடிதான் என்று நினைத்தார். பிறகு டாக்டர் சொன்னது நினைவு வந்து, கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பினார். ஒரு கை. பின்னால் இரண்டு. டிரைவராக நினைக்கப்பட்ட எதிர்வீட்டுக்காரரும், அப்படி நினைத்த அம்மாவும். இன்னும் திருப்பினார். கைகள் முளைத்துக்கொண்டே போயின. கழுத்து தீர்ந்துபோய் நாற்காலியோடு திரும்பினார். தூக்காதவர்களும் இருந்தார்கள், மேனேஜரின் ஆட்கள். அவர்கள் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் கை மடியிலிருந்து கிளம்பி, மார்பு உயரத்தில் வந்து நின்றது.

"சார், அது கையா, சொறியறீங்களா?" என்றான் மச்சான்.

"ரெண்டு மாடிக்குத் தூக்கியிருக்கேன். மூணாவதுக்கு யோசிக்கணும். ஆனா பால் கடை மட்டும் முதல்ல வரணும்" என்றார் மேனேஜர்.

மேடம் சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார். மறு மாதம் கவுன்சில் அந்தத் தெருவில்தான் புதுச் சட்டத்தை முதலில் போட்டது. முனை மனைக்கு மட்டும் இரண்டு மாடி.

தீர்மானம் வந்த அன்று மனைவி மகனுக்குப் போன் போட்டாள். "அப்பாவுக்குக் கண்ணுல ஓரம் தெரியல, இனிமே வண்டி ஓட்ட மாட்டார். ஆனா வீட்ட விக்கல. முன்ரூம்ல நான் மளிகைக்கடை போடப் போறேன்." மகன் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"என்னப்பா, வண்டியும் கிடையாது. அங்க எப்படி எங்க போவீங்க?"

"நடந்துதான்டா."

"எங்கப்பா நடப்பீங்க? அங்க ஒண்ணுமே இல்லையே!"

"போற இடமெல்லாம் இனிமேதான்டா கட்டப் போறாங்க" என்றார் கொட்டகைக்காரர். "அதுக்குள்ள நான் நடக்கப் பழகிக்கிறேன். உங்கம்மா கடைக்கு முதல் கஸ்டமர் நான்தான். கட்டில்லேருந்து கடை வரைக்கும் நடைபாதை ரெடி."